பழுப்பு முக்கோணம்

சுகிர்தா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் அச்சில் வந்த எதையும் ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். அவள் பிழைப்பே அதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிஸ்கெட் கம்பெனியில் பதினாறு வருஷமாக பேக்கிங் லைனில் நிற்கிறாள். ஓடிவரும் உறைகளில் தேதி, பேட்ச் நம்பர், எடை, மூலையில் இருக்கும் பச்சைப் புள்ளி எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். புள்ளி கொஞ்சம் மங்கலாக விழுந்தாலும் அந்த ரோலையே நிறுத்திவிடுவாள். அவள் ஷிப்டில் போன சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார்.

அந்தக் கண்ணைத்தான் அவள் தம்பி சாம்சன் மேலும் வைத்திருந்தாள்.

தம்பி என்றாலும் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. சுகிர்தாவுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தது. மூன்றே வருஷத்தில் அது முடிந்துபோய், ஆரம்பாக்கத்துக் காலனி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. சாம்சனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள். அவன் ஒரு இரும்பு உருட்டாலையில் கிரேன் ஆப்பரேட்டர் ஆனான். பிறத்தியார் நிலத்தில் குனிந்து நடவு நட்ட குடும்பத்தில், நாற்பதடி உயரத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன். "எந்தம்பி மேலருந்து பாத்தா, கீழ கீற இன்ஜினியரெல்லாம் எறும்பு மாதிரி இருப்பாங்க" என்று கோயில் வாசலில் நின்று சொல்லும்போது அவள் கழுத்து கொஞ்சம் நீளும்.

அப்பா பாக்கியராஜும் அதே மாதிரி ஓர் ஆலையில் சுமை இறக்கியவர்தான். அவருக்குச் சர்க்கரை நோய், கால் மரத்துப்போயிருந்தது. ஒருநாள் தரையில் கிடந்த சுடு இரும்புத் தகட்டின் மேல் நின்றுவிட்டார். செருப்பு உருகி நாற்றம் வந்த பிறகு பக்கத்தில் நின்றவன்தான் பார்த்துக் கத்தினான், அவருக்குத் தெரியவில்லை. முதலில் பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எட்டு மாதத்தில் அவரே போய்விட்டார். அந்த எட்டு மாதமும் அவரைத் தூக்கிக்கொண்டு கக்கூசுக்குப் போய் வந்தவன் சாம்சன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

ஆகவே, முப்பத்தாறாவது வயதில் கம்பெனி மருத்துவ முகாமில் அவனுக்கும் சர்க்கரை என்று தெரிந்தபோது, அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தான். எடை தொண்ணூற்று நாலு கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பது புள்ளி ஆறு. ஆறரைக்குக் கீழே வரவேண்டும் என்றார்கள்.

அது தவக்காலம் தொடங்குகிற சமயம். மற்றவர்கள் நாற்பது நாள் கறியை மட்டும் விடுவார்கள். சாம்சன் கறி, மீன், கருவாடு, முட்டை, பால், தயிர் எல்லாவற்றையும் விட்டான். ஈஸ்டருக்கு முந்தின நாள் எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை இருநூற்றுப் பத்திலிருந்து நூற்று நாற்பதுக்கு இறங்கியிருந்தது. அன்றைக்குப் பூசை முடிந்ததும் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஒரு பொருத்தனை வைத்தான். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். "ரத்தம் உள்ளதும் வேணாம், அதுலருந்து வர்றதும் வேணாம். சாவற வரைக்கும் தொடமாட்டேன். என் காலு ரெண்டும் எங்கிட்டவே இருக்கணும் தாயே."

ஈஸ்டர் அன்று அவன் மனைவி மெர்சி வந்தவர்களுக்கெல்லாம் மாட்டுக்கறிக் குழம்பு ஊற்றினாள். சாம்சன் ஒரு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான். அவனோடு ஆலையில் வேலை செய்யும் லோகு, எலும்பைக் கடித்தபடியே கேட்டான்:

"இன்னாடா, பைபிள்ல உன் பேருக்காரன் சிங்கத்தையே ரெண்டாக் கிழிச்சான். நீ கீரையக் கிழிச்சிக்கினு கீற?"

"சிங்கத்தக் கிழிச்சவனுக்கு சுகர் இல்லடா."

"கண்ணு போச்சே அவனுக்கு!"

"எனக்குக் காலு இருந்தாப் போதும். நீ எலும்பக் கடி."

எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தா சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டிருந்தாள்.

முகாமில் சாப்பாட்டு முறை சொல்லித்தந்த பெண்ணிடம் அவள் மறுபடி போய், அரை மணி நேரம் நின்று எழுதிக்கொண்டு வந்தாள். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்போ சுண்டலோ. மிச்சம் கால் பங்குதான் சோறு. வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதற்கு மேல் கூடாது. கேழ்வரகானாலும் கம்பானாலும் அளவுதான், கூழாகக் கரைத்துச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறும். கடைசியாக அந்தப் பெண் சொன்னது: "பாலு, முட்டை எதுவுமே வேணாம்னா பரவாயில்லக்கா. ஆனா பி-12 வைட்டமின் மாத்திரைய மட்டும் விட்டுடக் கூடாது. அது கீரையில, பருப்புல கிடைக்காது." சுகிர்தா அதையும் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

அதற்குப் பிறகு, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி வீட்டுச் சமையல் அவள் சொன்னபடிதான் நடந்தது. மெர்சியும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறவள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருக்கும்.

"ஏம்மே, எம் புருசனா, உன் தம்பியா அது? ஒரு கரண்டி சோறு நானாப் போட முடியல."

"உன் புருசன்தான். அதான் உனக்காவ ரெண்டு கால்ல நிறுத்திவெக்கறேன்" என்பாள் சுகிர்தா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, கோயிலுக்கு அடுத்த பழைய இரும்புக் கடைத் தராசில் சாம்சனை ஏற்றி நிறுத்துவாள். செருப்பைக் கழற்ற வேண்டும், செல்போனை வெளியே எடுக்க வேண்டும், பனியனோடு நிற்க வேண்டும். "இவன இன்னா ரேட்டுக்கு எடுத்துக்கிறாங்க?" என்று லோகு கத்துவான். எடையும் சர்க்கரையும் ஒரு நோட்டில் ஏறும். எண்பத்தெட்டு. எண்பத்து மூன்று. ஒன்றே கால் வருஷத்தில் எழுபத்து நாலு. மூன்று மாதச் சர்க்கரை ஆறு புள்ளி மூன்று. டாக்டர் சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தபோது, பரீட்சையில் தேறிய பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல் சுகிர்தா காலனி முழுக்க அந்த எண்ணைச் சொன்னாள். சாம்சன் ஏணியில் மூச்சு வாங்காமல் ஏறினான். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, சின்ன வயதில் இருந்த முகம் திரும்பி வந்திருந்தது.

தப்பு நடந்தது அதற்குப் பிறகுதான்.

மருந்துக் கடையில் வழக்கமாகக் கொடுக்கும் பி-12 மாத்திரை இல்லை என்று, அதற்குப் பதில் சிவப்புக் குப்பிபோல் இருந்த கேப்ஸ்யூல் அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். தினமும் காலையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் சுகிர்தா. பன்னிரண்டு நாள் கொடுத்திருப்பாள். பதின்மூன்றாம் நாள், அட்டை வந்த டப்பாவைக் குப்பையில் போடப் போனவள், பழக்கதோஷத்தில் அதன் மூலையைப் பார்த்தாள். ஒரு சதுரம், அதற்குள் பழுப்பு முக்கோணம்.

டப்பாவைக் குப்பையில் போடாமல் பையில் வைத்துக்கொண்டாள். அன்று வேலைக்குப் போகிற வழியில் கடையில் கேட்டாள்.

"உள்ள கீற மருந்து இல்லம்மா, மேல்தோலு. ஜெலட்டின். மாட்டு எலும்புலருந்து எடுக்கறது" என்றான் கடைக்காரன்.

"பச்சப் புள்ளி போட்டது இல்லியா?"

"இப்ப ஸ்டாக் இல்ல. மெட்ராஸ்ல கிடைக்கும். வந்தாச் சொல்றேன்."

ரத்தம் உள்ளதும் வேண்டாம், அதிலிருந்து வருவதும் வேண்டாம் என்று சொல்லித்தான் அவன் காலைக் கேட்டான். தன் கையாலேயே அவனுக்குப் பன்னிரண்டு நாள் அதைக் கொடுத்து, பொருத்தனையை உடைத்துவிட்டோமே என்றே வழியெல்லாம் அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரிந்தால் உடைந்துபோவான். தெரியாமல் செய்தது அவன் கணக்கில் சேராது, தன் கணக்கில்தான் சேரும் என்று நினைத்துக்கொண்டாள். அட்டையை ஒரு காகிதத்தில் சுற்றித் தன் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை. அக்கா கையில் கொடுப்பதை எண்ணாமல் விழுங்குகிற சாம்சன், சிவப்பு கேப்ஸ்யூல் நின்றதைக் கவனிக்கவில்லை.

சென்னைக்குப் போய் வேறு மாத்திரை வாங்க வேண்டும் என்றுதான் இருந்தாள். முதல் மாதம் அவளுக்கு ஷிப்டு மாறியது. அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு கடையில் கேட்டாள், இல்லை என்றார்கள். அதற்குள் புதிய ரிப்போர்ட் வந்தது. எடை எழுபத்தொன்று. சர்க்கரை ஆறு புள்ளி ஒன்று. இவ்வளவு நன்றாக இருக்கும்போது அந்த வைட்டமின் எதற்கு என்று ஒரு சமாதானம் அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டரிடமும் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டிச் சர்க்கரை மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். காலனியில் எல்லோரும் அப்படித்தான் வாங்குவார்கள்.

அதற்கடுத்த வருஷ மழைக்காலத்தில் சாம்சன் ஒரு சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தான். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. பாதத்துக்கு அடியில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கிறது என்றான். சில நாள் கழித்து, முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடியவன் அப்படியே குழாய்மேல் சாய்ந்தான். மெர்சி ஓடிவந்து பிடித்தாள்.

அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்த சாம்சன், அக்காவைப் பார்த்துச் சொன்னான்: "அப்பாவுக்கும் இப்டித்தாங்க்கா ஆரம்பிச்சிது."

"உனக்கு சுகர் கன்ட்ரோல்ல கீது நைனா. இன்னும் கொஞ்சம் எறக்கிட்டா சரியாப்பூடும்."

இன்னும் இறக்கினாள். கால் பங்கு சோறு இரண்டு கரண்டியானது. வேர்க்கடலையை எண்ணிக் கொடுத்தாள். எடை அறுபத்தாறுக்கு வந்தது. சர்க்கரை ஐந்து புள்ளி எட்டு. நோட்டில் எண் இறங்க இறங்க, கால் மட்டும் மேலே மேலே மரத்துக்கொண்டு வந்தது. கணுக்கால். பிறகு ஆடுசதை. எண் பொய் சொல்லாது என்று நம்பியவள் அவள். எந்த எண்ணைப் பார்க்காமல் விட்டோம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலை ஷிப்டில் அது நடந்தது. சாம்சன் ஓட்டியது, கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் பழைய கிரேன். கொட்டகையின் நீளவாக்கில் ஓடும்போது அதை நிறுத்தக் காலால் பிரேக்கை மிதிக்க வேண்டும். கீழே, சுமையைக் கொக்கியில் மாட்டி, கைகாட்டுபவன் லோகு. இரும்புக் கம்பிக் கட்டு ஒன்று தொங்கிக்கொண்டு வந்தது. லோகு நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினான். சாம்சன் மிதித்தான். மிதித்ததாகத்தான் நினைத்தான். கால் பெடலுக்குப் பக்கத்தில், வெறும் தகட்டின் மேல் அழுந்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்துக் காலை எடுத்து வைப்பதற்குள் கட்டு பத்தடி தாண்டிப் போய்விட்டது. லோகு தரையில் விழுந்து உருண்டதால் பிழைத்தான். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

சாம்சன் கிரேனை நிறுத்தினான். ஏணியில் ஒவ்வொரு படியாகக் கண்ணால் பார்த்துப் பார்த்து இறங்கினான். நேராக ஃபோர்மேனிடம் போய், "எங்காலு எங்க கீதுன்னு எனக்குத் தெரியல சார். இனிமே நான் ஏறமாட்டேன்" என்று சொன்னான். யாரும் அவன்மேல் புகார் சொல்லவில்லை. லோகுகூட, "கொக்கிதாங்க சறுக்கிச்சி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சுகிர்தாதான் கூட்டிக்கொண்டு போனாள். நோட்டையும் எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா அவன் கால் கட்டை விரலில், கவைபோல் இருந்த ஒரு இரும்பைத் தட்டி வைத்து, "அதிருதா?" என்றார். இல்லை என்றான். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். மூடியதும் அக்கா மேல் சாய்ந்தான். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யார் எழுதினது? ரொம்ப சுத்தமா இருக்கே" என்றார். எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அன்றைக்குப் பாராட்டு அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ரத்த ரிப்போர்ட்டோடு போனார்கள். டாக்டரம்மா நிதானமாகவே சொன்னார்: "சாப்பாட்டுல தப்பே இல்ல. எடையும் சர்க்கரையும் இவ்ளோ நல்லா வெச்சிருக்கிறவங்கள நான் அதிகம் பாத்ததில்ல. ஆனா பி-12 இருநூறுக்கு மேல இருக்கணும். உங்களுக்கு எழுபத்தெட்டு. பால், முட்டை, மீன் எதுவும் இல்ல. சர்க்கரை மாத்திரையும் அதைக் குறைக்கும். அதனால நரம்பு கெட்டு, தண்டுவடம் வரைக்கும் போயிருக்கு. மாத்திரை எழுதிக் குடுக்கலையா யாரும்?"

"குடுத்தாங்களே. அக்கா தினமும் எடுத்துக் குடுக்குமே. நான் போட்டுக்கினுதான் கீறேன்" என்றான் சாம்சன்.

சுகிர்தா மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி போடுவோம். கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது. சீக்கிரம் வந்திருந்தா முழுசா வந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அத்திப்பட்டு தாண்டும்போது அவள் சொல்லத் தொடங்கினாள். டப்பா, முக்கோணம், கடைக்காரன் சொன்னது, பெட்டிக்கு அடியில் வைத்தது எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னாள். பொன்னேரி வந்து போனது. சாம்சன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டான்.

"எத்தினி மாசம்?"

"ரெண்டு வருசம் ஆவப்போது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா, நீ அந்தப் பன்னெண்டு சாப்ட்டது உனக்குத் தெரிஞ்சிருக்கும். பொருத்தனை உடைஞ்சிச்சின்னு நெனச்சி…"

"பொருத்தனை நான் வெச்சதுக்கா. நீ வெச்சது இல்ல."

அவன் குரலை உயர்த்தவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா பூவைக் கட்டிக்கொண்டேயிருந்தாள். ஆரம்பாக்கம் வந்தது. இறங்கும்போது, பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். பிடிக்கத் தோள் வேண்டியிருந்தது, பிடித்தான். அதற்கு மேல் அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஊசி ஆறு மாதம் போட்டார்கள். ஆடுசதையில் உணர்ச்சி வந்தது. கணுக்கால் வரை வந்தது. அதோடு நின்றது. உயரத்தில் வேலை செய்ய லாயக்கில்லை என்று கம்பெனி டாக்டர் எழுதினார். ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். மற்றவர்களுக்குக் கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அவன் ஓட்டிய கிரேனில் இப்போது ஒரிசாக்காரப் பையன் ஒருவன் உட்காருகிறான். சாம்சன் அண்ணாந்து பார்ப்பதில்லை என்று லோகு சொன்னான்.

பொருத்தனையை மட்டும் அவன் விடவில்லை. அதே கீரை, அதே சுண்டல். எடையை மெர்சி பார்த்து எழுபதுக்குக் கொண்டு வந்தாள், சர்க்கரை ஏறவில்லை. ஊசி முடிந்து மாத்திரை ஆரம்பித்த அன்று, வழக்கம்போல் காலையில் எடுத்துக் கொடுக்கப் போனாள் சுகிர்தா. அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு, அட்டையின் முதுகைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். "நான் பாத்துக்கறேன்க்கா" என்றான். கோபமில்லை. அவள் கொண்டுபோன பொன்னாங்கண்ணியை மெர்சியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு லைனில் நின்றபோது, ஓடும் உறைகளில் எதைப் பார்த்தோம், எதை விட்டோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. மதியத்தில் தலைவலி என்று சொல்லி வந்துவிட்டாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

உணர்ச்சி இல்லாத பாதத்தைத் தினமும் ஒருவர் உற்றுப் பார்க்க வேண்டும், காயம் இருந்தாலும் அவருக்குத் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மெர்சிதான் பார்ப்பாள். போன மாதம் ஒருநாள் அவளுக்கு மாலை ஷிப்டு. ஆறு மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாம்சன் கூப்பிட்டான்.

"க்கா, வந்து காலப் பாத்துட்டுப் போறியா?"

பல மாதம் கழித்து அவனாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனாள். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவள் கீழே உட்கார்ந்து இடது பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்த்தாள். ஒன்றுமில்லை. வலது பாதத்தில், கட்டை விரலுக்கு அடியில், ஒரு ஜல்லிச் சில்லு முக்கால்வாசி உள்ளே போய்ப் பதிந்திருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

நகத்தால் நெம்பி எடுத்தாள். சில்லு கைக்குள் வந்தது. விரலை மூடிக்கொண்டாள். அவன் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, மருந்தைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாம். வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"கல்லு ஒண்ணு ஏறியிருந்துச்சிடா. ரத்தம் வந்து காஞ்சிக் கீது" என்றாள்.

"பெருசா?"

"கடல அளவு."

"எங்க, குடு."

நீட்டிய கையில் வைத்தாள். அவன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காத்தால கம்பெனி கேட்டாண்ட ஜல்லி கொட்டிக்கினு இருந்தாங்க, ஷூவுக்குள்ள பூந்துருக்கும். அப்பருந்து இதும்மேலயே நின்னுக்கினு இருந்துருக்கேன் பாரு."

"ஆமாண்டா."

சுகிர்தா உப்புத் தண்ணீர் கொண்டு வந்து காயத்தைக் கழுவினாள். எரிய வேண்டிய காயம். கால் அசையாமல் அவள் மடியில் கிடந்தது. அவன் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.